கில்ன் லேன் பேச்சுத்துணை

யாரோ யாருக்கோ சொல்லி, அது நாலு வாய் மாறி என் காதுக்கு வந்த சங்கதி இல்லை இது. ஹெட்லி கிரிம்ஷாவே என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கையிலிருந்த டீ ஆறி ஏடு கட்டும்வரை சொன்னது. அவர் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஹார்த்விக் ஊரில் வாழ்நாள் முழுக்கக் குழாய் வேலை பார்த்தவர். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டினாலும் ‘லேசா ஒழுகுது’ என்றுதான் சொல்வார். அதனால்தான் பயந்தேன். பிறகு அவருடைய நண்பர் கிளைவிடம் தனியாகக் கேட்டேன். மனைவி லினெட்டிடம் தனியாகக் கேட்டேன். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. பொருந்தாமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஹெட்லிக்கும் கிளைவ் ஆர்மராடுக்கும் ஸ்பீட்வே என்றால் உயிர். பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிளில் நாலு பேர், மண் தடத்தில் நாலு சுற்று, பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்க வழுக்கப் பறப்பார்கள். ஒரு நிமிஷத்தில் பந்தயம் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி இவர்கள் ஒரு வாரம் பேசுவார்கள். இவர்களுடைய அணி ஹார்த்விக் ஹெரான்ஸ்; ஹெரான் என்றால் நாரை. சொந்த மைதானம், ஊருக்கு வெளியே பழைய செங்கல் சூளைகளை ஒட்டியிருந்த கில்ன் லேன். அணியைக் கலைத்து, மைதானத்தைப் பூட்டிப் பல வருஷம் ஆன பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் பப்பில் அதே மேஜை, அதே சண்டை.

ஹெரான்ஸுக்கு ஓட்டியவர்களிலேயே பெரிய ஆள் ஸ்வீடன்காரன் டோர்கெல் பிராண்டின் என்பார் கிளைவ். இல்லை, உள்ளூர்க்காரன் லெஸ் ஹக்கர்பிதான் என்பார் ஹெட்லி.

“உன் பிராண்டின் தூறல் விழுந்தாலே குடையைத் தேடுவான்டா” என்று ஹெட்லி ஆரம்பிப்பார். கிளைவ் பழைய பஸ் டிரைவர். நெஞ்சுச் சளி. நாலு வார்த்தைக்கு ஓர் இருமல். இருமிக்கொண்டே திருப்பிக் கொடுப்பார். “உன் ஹக்கர்பி வளைவுல திரும்பறதுக்குள்ள நான் டபுள் டெக்கரையே திருப்பிடுவேன்.”

முப்பது வருஷத்தில் இருவரில் ஒருவர்கூட ஓர் அங்குலம் இறங்கியதில்லை.

அது நவம்பர் மாதம். கில்ன் லேனில் வீடு கட்டப் போகிறார்கள், திங்கட்கிழமை இடிக்கிற இயந்திரம் வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மைதானத்துக்குள், வண்டிகளைத் தயார் செய்யும் முற்றத்துக் கதவில், ஒரு தகரப் பலகை உண்டு. அதில் வெள்ளை நாரை ஒன்று ஒற்றைக் காலில் நிற்கும். அணியின் சின்னம். அது குப்பை லாரியில் போவதை ஹெட்லியால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கிளைவின் காரில் இருவரும் கிளம்பினார்கள். கிளைவுக்கு முழங்கால் சரியில்லை. வேலியில் நுழைய முடியாது. சந்தில் காரை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹெட்லி கைப்பேசியை இருக்கையிலேயே வைத்துவிட்டு, கருவிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வேலியின் ஓட்டை வழியாக உள்ளே போனார்.

மூடுபனி அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது.

தடத்தில் இடுப்பளவு புல். எதிர்ப்பக்கம் கூட்டம் உட்காரும் ஸ்டாண்டு பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. முற்றத்துக் கதவுக்குப் போய்ப் பார்த்தால் பலகை இல்லை. நாலு ஆணி ஓட்டைதான் இருந்தது. எவனோ முந்திக்கொண்டான் என்று திட்டிக்கொண்டே திரும்பியவர், பெரிய ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். கதவில் வெளுத்துப்போன சிலுவைக் குறி. அந்தக் காலத்து முதலுதவி அறை. உள்ளே, பின்சுவரில் சாய்ந்தபடி, வெள்ளையாக, நீளக் கழுத்தோடு நாரை நின்றது.

கதவு காற்றில் சாத்திக்கொள்ளக் கூடாது என்று கருவிப் பையை வாசலில் முட்டுக் கொடுத்து வைத்தார். நல்ல கனமான பை. அதை வைத்தது சத்தியம் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

உள்ளே போனார். கிட்டே போனதும் அது நாரை இல்லை. நிமிர்த்திச் சாத்தி வைத்த பழைய ஸ்ட்ரெச்சர்.

பின்னால் கதவு மூடிக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை. யாரோ பார்த்துப் பதமாகச் சாத்தியது போல... *க்ளிக்.*

உள்பக்கம் கைப்பிடி இல்லை. பிடி இருந்த இடத்தில் வழுவழுவென்று ஒரு தகடு மட்டும். தோளால் இடித்தார். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, இடித்துப் பயனில்லை. நகத்தை விளிம்பில் கொடுத்து இழுத்தார். நகம்தான் பெயர்ந்தது. கூரையை ஒட்டி ஒரு கை அகலத்துக்குக் காற்றுத் துவாரம். அதன் வழியாகக் கொஞ்சம் சாம்பல் நிற வெளிச்சம். கிளைவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். சத்தம் அறைக்குள்ளேயே சுற்றி அவர் காதுக்கே வந்தது.

எவ்வளவு நேரம் கத்தினார் என்று அவருக்குத் தெரியவில்லை. துவாரத்து வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

அப்போது பின்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“என்னடா, மாட்டிக்கிட்டியா?”

கிளைவ்தான். ஹெட்லிக்கு உயிர் வந்தது. சுற்றி வந்து கதவைத் திறக்கச் சொன்னார். முட்டி வலிக்கிறது, மெதுவாகத்தான் வர முடியும், நீ அப்படியே இரு, ஆள் வரும் என்றது குரல். அந்தப் பக்கம் ஏதோ நடைவழி இருக்கிறது போலும், அதற்குள் கிளைவ் எப்படியோ நுழைந்துவிட்டான் என்று ஹெட்லி நினைத்துக்கொண்டார். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். குளிர் ஈரமாக ஏறியது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, வழக்கமான சண்டையை இழுத்தார்.

“இதே உன் பிராண்டினா இருந்தா இந்நேரம் அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருப்பான்டா.”

“ஆமாம்” என்றது குரல். “ஹக்கர்பிதான் பெரியவன்.”

ஹெட்லி சிரித்தார். முப்பது வருஷத்துக்கு அப்புறம் ஒத்துக்கொண்டாயே, இதற்கு நான் அறைக்குள் மாட்ட வேண்டியிருந்ததா என்றார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

கிளைவ் ஒத்துக்கொள்ள மாட்டார். விளையாட்டுக்குக்கூட மாட்டார்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமாக ஓர் இருமல்கூட வரவில்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, இருவரும் தலைகீழாகச் சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்டார். ஹெரான்ஸ் கோப்பையை வென்ற கடைசிப் பந்தயத்தில் பிராண்டினோடு யார் ஓட்டினார்?

“யாரு பிராண்டின்?”



குரலே தொடர்ந்தது. நட்பாக. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தோடு. பெர்சி லோவைப் பற்றிச் சொன்னது. நல்ல மனுஷன், எனக்குக் கிளட்சை எப்படி விடணும்னு கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தான் என்றது. தடத்தில் இன்று சாம்பல் மண் ரொம்ப ஈரம், மூணாவது வளைவில் பிடிக்கவே இல்லை என்றது.

பெர்சி லோ, ஹெட்லியும் கிளைவும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பந்தயம் ஓட்டுவதை நிறுத்திவிட்ட பழைய ஹெரான்ஸ் வீரர். அவருடைய படத்தைத்தான் இவர்கள் பார்த்திருக்கிறார்கள். கில்ன் லேனில் சாம்பல் மண்ணும் இல்லை. அதை வாரிக் கொட்டிவிட்டுச் சிவப்பு மண் போட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஹெட்லி சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

“கிளைவ்... ஒரு தடவை இருமு.”



பிறகு இருமல் வந்தது.

இருமத் தெரியாதவன் இருமியது போல.

ஹெட்லி எழுந்து கதவோடு ஒட்டி நின்றார். இருட்டில் துவாரம் எங்கே என்றுகூட இப்போது தெரியவில்லை. அப்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டது. *தட்... தட்... தட் தட்...* ஸ்டாண்டின் மரப்படிகளில் கால்கள். ஒன்று, இரண்டு இல்லை. நூற்றுக்கணக்கில். பந்தயம் முடிந்து கூட்டம் இறங்குகிற சத்தம். வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம். தப்பாக நினைக்க வழியே இல்லை. அவர் கதவை அறைந்தார். யாராவது திறங்க, இங்கே ஆள் இருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்தினார். கதவுக்கு ஓரடி தள்ளிப் பேச்சும் காலடியும் கடந்து போயின. ஒருவரும் நிற்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

கடைசியாக ஒரு ஜோடிக் கால்கள். பிறகு, எங்கோ தூரத்தில், இரும்புக் கதவு மூடும் சத்தம்.

“எல்லாரும் போயாச்சு” என்றது குரல்.

இப்போது அது கிளைவின் குரல் இல்லை. இளம் குரல். சுவரின் மேல்பக்கத்திலிருந்தும் வரவில்லை. தரையை ஒட்டி வந்தது. படுத்துக்கொண்டு பேசுவது போல.

“உன்னைத் தேடி யாரும் வரமாட்டாங்க.”

ஹெட்லி முதுகைக் கதவில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

“நீதான் வீட்டுக்குப் போயிட்டியே.”

அதைக் கேட்டதும்தான் கை தானாகக் கோட்டைத் தடவியது என்றார். பயத்தில் இல்லை. சாகப் போகிறவன் எதையாவது பிடித்துக்கொள்வது போல. கோட்டுக் காலரில் ஹெரான்ஸ் பேட்ஜ் இருந்தது. அதன் கீழே வருஷத்துக்கு ஒன்றாகத் தொங்கும் சின்னச் சின்ன உலோகப் பட்டைகள். குழாய்க்காரரின் விரல் பட்டையின் விளிம்பைத் தொட்டது. உள்பக்கமாகத் திறக்கிற கதவு என்றால் கீல் உள்ளேதானே இருக்கும்?

தடவிக் கண்டுபிடித்தார். மேல் கீல். மூன்று திருகாணி. பட்டையை ஆணித் தலையில் கொடுத்துத் திருகினார். துருப்பிடித்து இறுகியிருந்தது. முதல் பட்டை வளைந்தது. இரண்டாவது ஒடிந்து கட்டைவிரலைக் கிழித்தது. மூன்றாவது... ஆணி முனகியது. திரும்பியது.

பின்னால் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மிரட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்றார் ஹெட்லி.

“இன்னும் கொஞ்ச நேரம் பேசிட்டு இரேன்.”

திருகினார்.

“தலை வலிக்குது. தூக்கம் வந்தா தூங்கக் கூடாதுன்னாங்க. பேசிட்டு இரேன்.”

திருகினார்.

கீழ்க் கீலின் கடைசி ஆணி தரையில் விழுந்தது. *ணங்...*

அந்தச் சத்தத்துக்குப் பிறகு, மிகப் பக்கத்தில்... சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை... இந்தப் பக்கம்... அவர் முழங்கால் உயரத்தில்...

“போறப்ப கதவைத் திறந்தே வச்சிட்டுப் போ.”

கதவைக் கீல் பக்கமாகப் பிடுங்கி இழுத்தார். அது சாய்ந்து விழுந்தது. ஹெட்லி ஓடினார்.

வாசலில் பை இல்லை. தடத்தின் நடுவே, பந்தயம் தொடங்கும் கோட்டில், ஜிப் மூடி நேராக நின்றுகொண்டிருந்தது. அதை எடுக்க அவர் நிற்கவில்லை.

சந்தில் கார் இல்லை.

மூடுபனியில் மெயின் ரோடுவரை ஓடி, அங்கிருந்து நடந்தார். கிளைவைத் திட்டிக்கொண்டே நடந்தார். திட்டுவது நல்லதாக இருந்தது; நினைக்காமல் இருக்கலாம். வழியில் கடைகள் திறந்திருந்தன. மீன் வறுவல் கடையில் வரிசை நின்றது. அவ்வளவுதான் நேரம். ராத்திரிச் சாப்பாட்டு வேளைகூடத் தாண்டவில்லை.

தன் தெருவுக்குள் திரும்பினார். வீட்டு மாடியில், அவருடைய படுக்கையறையில், விளக்கு எரிந்தது. ஜன்னலில் யாரோ நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லினெட் என்று நினைத்துக் கையைத் தூக்கினார்.

விளக்கு அணைந்தது.

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது லினெட் கூடத்தில், டிவிக்கு முன்னால், மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி மேற்கூரையைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

“நீ... மேலதானே இருக்கே?”

இருட்டும் நேரத்தில் கிளைவின் கார் வாசலில் வந்து நின்றதாம். ஹெட்லி இறங்கி வந்தாராம். முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே நுழைந்தாராம். டீ போடட்டுமா என்று கேட்டதற்கு, குளிருது என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாராம். கட்டில் கிரீச்சிட்ட சத்தத்தை லினெட் கேட்டிருக்கிறார். அப்புறம் யாரும் கீழே வரவில்லை. படிக்கட்டு கூடத்துக்குள்தான் இறங்குகிறது. அவரைத் தாண்டாமல் யாரும் வர முடியாது.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள்.

அறையில் யாரும் இல்லை. ஜன்னல் உள்ளே கொக்கி போட்டபடி இருந்தது. ஹெட்லி படுக்கும் பக்கம் மெத்தையில் ஒரு ஆள் படுத்த பள்ளம். தொட்டுப் பார்த்தார். பனிக்கட்டி போல ஈரம். போர்வையை விலக்கினார்.

விரிப்பு முழுக்கக் கறுப்புச் சாம்பல் மண்.

கிளைவுக்கு ஃபோன் செய்தார். கிளைவ் இருமி முடித்துவிட்டு, இப்போது எப்படியிருக்கிறது, காரில் ஒரு மாதிரி இருந்தாயே என்று கேட்டார். பலகை கிடைக்கவில்லை என்று கையை விரித்துக்கொண்டு நீதானே வந்தாய், பின்சீட்டில் ஏறிக்கொண்டாய், வழியெல்லாம் ஹக்கர்பியை வம்புக்கு இழுத்தும் ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாய் என்றார். ஹெட்லி ஃபோனை வைத்துவிட்டார். அன்று இரவே இருவரும் லினெட்டின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. சாமான்களைக்கூட நானும் கிளைவும்தான் போய், பட்டப்பகலில், எடுத்து வந்தோம்.

திங்கட்கிழமை ஸ்டாண்டை இடித்தார்கள். ஹெட்லி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். முதலுதவி அறையின் பின்சுவர் விழுந்ததும் இயந்திரம் ஓட்டியவரிடம் போய், அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டார். எதுவும் இல்லை, வெறும் மண் மேடு, கெட்டியாக அடைத்துக் கிடக்கிறது என்றார் அவர். நடைவழியா? எலி போகக்கூட இடம் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பழைய ஹெரான்ஸ் ரசிகர்கள் பப்பில் ஒரு மாலை கூடினோம். ஐவி பெல்லிங் என்ற மூதாட்டியைச் சக்கர நாற்காலியில் மகள் அழைத்து வந்திருந்தார். அந்தக் காலத்தில் வெளியூர், வெளிநாட்டு வீரர்களுக்கு வீட்டு மாடியை வாடகைக்கு விட்டவர். ஹெட்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதலுதவி அறையில் எப்போதாவது ஏதாவது நடந்ததா என்று கேட்டார். நானும் கிளைவும் கூடவே இருந்தோம். ஐவி தன் ஒயின் கிளாஸை மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார்.

ராய் கீபிள். ஆஸ்திரேலியாக்காரன். பத்தொன்பது வயது. அணியில் இடம் கிடைக்கவில்லை. பந்தயம் முடிந்த பிறகு புதியவர்களுக்கு வைக்கும் ஓட்டங்களில் மட்டும் ஓட்டினான். அதனால்தான் எங்களில் யாருக்கும் அவன் பெயர் தெரியாது. 1950, சீசனின் கடைசி நாள். மூணாவது வளைவில் விழுந்தான். தலையில் அடி. தானே எழுந்து சிரித்துக்கொண்டே நடந்து வந்தான். கொஞ்சம் படுத்திரு, தூங்கிவிடாதே, ஆள் வரும் என்று அந்த அறையில் விட்டார்கள். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே வேறொருவனோடு போயிருந்தது. மூடுபனி இறங்கியது. மீதி ஓட்டங்களை ரத்து செய்தார்கள். கூட்டம் கலைந்தது. அவனை இன்னொருவன் வீட்டில் விட்டிருப்பான் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுபடி அந்த அறையைத் திறந்தது மார்ச் மாதம்.

வெளியே தெரியாமல் அமுக்கிவிட்டார்கள் என்றார் ஐவி. அதுவரை, ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். டிக்கெட் எடுத்து வைத்திருந்தானாம்.

ஹெட்லியின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் ஒரு மாதிரி நிம்மதியும் இருந்தது. அந்தப் பையன்தான் என்று புரிந்துவிட்டதே. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டார். வாடகைக்கு இருந்த பையன் அன்று இரவு வீடு திரும்பவில்லையே, நீங்கள் ஏன் தேடவில்லை?

ஐவி அவர் கையைத் தட்டிக் கொடுத்தார்.

“போலீஸும் அதைத்தான் கேட்டாங்க, கண்ணு. நான் சொன்னதை ஒருத்தரும் நம்பல.”

“என்ன சொன்னீங்க?”

“நான் எதுக்குத் தேடணும்? அன்னிக்கு இருட்டற நேரத்துக்கு அவன்தான் வீட்டுக்கு வந்துட்டானே. குளிருதுன்னு சொல்லிட்டு மாடிக்குப் போனான். கதவைத் திறந்து விட்டதே நான்தான்.”